தேனீ வளர்க்க முதலில் வளவைத் தயார்செய்வோம்

கொழும்பு ஹெவ்லொக் டவுனில் வீட்டு வளவில் தேனீ வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் பெட்டியைத்தான் தேடுகிறார்கள். ஆனால் முதலில் தயாராக வேண்டியது இடம். இலங்கையில் பெட்டிகளில் வளர்க்கப்படும் உள்நாட்டுத் தேனீயான ஏபிஸ் செரானா, ஐரோப்பியத் தேனீயைப்போல ஒரே கூட்டில் நிலைத்திருக்காது. எறும்புத் தொல்லை, கடும் வெயில், மெழுகு அந்துப்பூச்சி, பூப்பஞ்சம் என எது முற்றினாலும் அடையைக் கைவிட்டுக் கூட்டமாகவே பறந்துவிடும். தமிழ்நாட்டில் 1910களில் பாதிரியார் நியூட்டன் இந்தத் தேனீக்கென வடிவமைத்த மரப்பெட்டி தேன் எடுப்பதை எளிதாக்கியது. ஆனால் கூட்டைக் கைவிட்டுப் பறக்கும் குணத்தை அதனாலும் மாற்ற முடியவில்லை.

ஆகவே காலை வெயில் விழுந்து, உச்சிவேளையில் மாமர நிழல் கிடைக்கும் மூலையைத் தெரிவுசெய்ய வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொண்டுவருவதால், மேற்கே மதில் மறைக்க, வாசல் கிழக்கே பார்ப்பது நல்லது. உள்ளே நீர் தேங்காதபடி பெட்டி முன்புறம் சற்றே சரிந்திருக்கட்டும். எறும்பைத் தடுக்கத் தாங்கியின் நான்கு கால்களையும் நீர்க்கிண்ணங்களில் நிறுத்துவது வழக்கம். ஆனால் கொழும்பில் அதே நீரில் டெங்கு நுளம்பு பெருகும். கிண்ணத்தில் கழிவு எண்ணெய் ஊற்றி, மழைநீரும் தேனீயும் விழாதபடி மேலே தகடு பொருத்தினால் இரண்டு தொல்லையும் தீரும். ஒரு புல்லிதழ் பெட்டியில் சாய்ந்தாலும் எறும்பு அதன்வழி ஏறிவிடும் என்பதால் சுற்றிலும் புல்லை வெட்டிவர வேண்டும். தேனீ குடிக்க, கூழாங்கல் போட்ட சிரட்டையில் நீர் வைத்து, அதைத் தினமும் கொட்டி மாற்றினால் போதும்.

நகரத்தில் பூ எங்கே என்று கேட்கலாம். இந்தத் தேனீ ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வட்டத்துக்குள் இரை தேடும். அயல் வளவுகளின் முருங்கையும் ஜம்புவும் கொய்யாவும் ஆண்டு முழுவதும் பூக்கும் தென்னையும் அதன் மேய்ச்சல் நிலமே. கொட்டும் என்ற அச்சத்துக்கும் காரணம் உண்டு. ஆயினும் சிகிரியாவில் பார்வையாளரைத் துரத்துவது மலைத்தேனீ. பெட்டித் தேனீ அதைவிடச் சாதுவானது. வாசலுக்கு முன்னால் ஆளுயரத்துக்கு மேல் செடிவேலி வளர்த்தால், தேனீக்கள் தலைக்கு மேலாக எழும்பிப் பறக்கும். இரவில் விளக்கொளி வாசலில் படக்கூடாது. அயலாரிடம் முன்கூட்டியே பேசி, தேனீ விஷம் ஒவ்வாதவர் இருக்கிறாரா என்று கேட்டறிவது கட்டாயம். அப்படி ஒருவர் இருந்தால் தேனீ வளர்க்கும் எண்ணத்தைக் கைவிடுவதே நியாயம். நுளம்புக்குப் புகை விசிறும் நாளைத் தெரிந்துகொண்டு, அந்த நேரத்தில் மட்டும் வாசலை வலையால் அடைத்துப் பெட்டியை ஈரச்சாக்கால் போர்த்த வேண்டும்.

இவை அமையாத வளவில் பெட்டி வைக்க வேண்டாம். அங்கே முருங்கையும் துளசியும் நட்டு, பூச்சிமருந்தைத் தவிர்த்தாலே அயலிலுள்ள தேனீக்களுக்குப் பேருதவியாகும்.