கருந்துளையின் முதலும் வட்டியும்

ஆதிச்சநல்லூர் அகழாய்வில் தாழிகளோடு கிடைத்த இரும்பு வாள்களும் வேல்களும் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்த இரும்பு விண்மீன்களில் உருவானது. அணுக்கரு இணைவு இரும்பு வரைதான் ஆற்றல் தரும். சூரியனைவிடப் பன்மடங்கு பெரிய விண்மீனின் மையம் இரும்பாகிவிட்டால், அதன் எரிபொருள் தீர்ந்துவிட்டது என்று பொருள். மையம் சரிகிறது, சில விண்மீன்கள் கருந்துளைகளாகின்றன.

எதையும் வெளியே விடாத கருந்துளையிலிருந்து ஆற்றலைப் பெற முடியுமா? அது சுழன்றால் முடியும் என்று 1969-இல் கூறினார் ரோஜர் பென்ரோஸ். சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் இழுத்துச் சுழற்றுகிறது. எதுவும் அசையாமல் நிற்க இயலாத அப்பகுதிக்கு 'எர்கோஸ்பியர்' என்று பெயர். ஆயினும் அங்கிருந்து மீள முடியும். அங்கு நுழையும் துகள் இரண்டாகப் பிளந்து, ஒரு கூறு எதிர்ம ஆற்றலுடன், அதாவது கடன் சீட்டுடன், உள்ளே விழுந்தால், மற்றொன்று கொண்டுவந்ததைவிடக் கூடுதல் ஆற்றலுடன் வெளியேறும். அக்கடனை அடைப்பது கருந்துளையின் சுழற்சி.

இது இலவசமன்று. எடுக்க எடுக்கச் சுழற்சி குறையும். உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையிலிருந்துகூட அதன் நிறை ஆற்றலில் 29 சதவீதம் வரையே பெறலாம். எஞ்சியது தொட முடியாத முதல் என்று 1970-இல் நிறுவினார் கிறிஸ்டோடூலூ. ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது ஆற்றலாக மாறுவது நிறையில் 0.7 சதவீதமே என்பதோடு ஒப்பிட்டால், இந்த வட்டியின் அளவு விளங்கும்.

ஆனால், பிளவுறும் கூறுகள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் பிரிய வேண்டும் என்பது தெரியவந்ததும், இது இயற்கையில் நடவாது என்று கருதப்பட்டது. அக்கருத்துக்கு 1985-இல் உயிரூட்டியவர்கள் சஞ்சய் வாக், சஞ்சீவ் துரந்தர், நரேஷ் ததீச் ஆகிய மூன்று இந்தியர்கள். கருந்துளையைச் சூழ்ந்த காந்தப்புலம், மின்னூட்டமுள்ள துகள்களுக்கு அந்தத் தடையை நீக்கிவிடும் என்று அவர்கள் காட்டினர். காந்தப்புலத்தின் வழியே சுழற்சி ஆற்றல் வெளிப்படும் மற்றொரு வழியை பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாஜெக்கும் 1977-இல் விளக்கியிருந்தனர். 2019-இல் நிழலுருவம் வெளியான எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளை, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தொலைவுக்குப் பீறிட்டு அனுப்பும் தாரைக்கு இத்தகைய விளக்கமே பெரிதும் ஏற்கப்படுகிறது.

'இதனால் நமக்கென்ன பயன்?' என்ற கேள்வி எழலாம். இந்த ஆற்றலில் எந்த வீட்டிலும் விளக்கு எரியப்போவதில்லை. ஆனால், அதே துரந்தர்தான் இரைச்சலுக்குள் மறைந்த ஈர்ப்பலைச் சமிக்ஞையைப் பிரித்தறியும் கணித முறைகளை உருவாக்கியோரில் ஒருவர். 2015-இல் முதல் ஈர்ப்பலை பிடிபட்டபோது அத்தகைய முறைகள் கைகொடுத்தன. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் ரூ.2,600 கோடியில் லிகோ-இந்தியா ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2023-இல் ஒப்புதல் அளித்தது.

கருவிகளுக்குப் பணம் ஒதுக்குவது எளிது; கண்ணுக்குத் தெரிவதால் அதற்கு ஆதரவும் கிடைக்கும். அக்கருவி சொல்வதைப் புரிந்துகொள்ளும் மனிதர்களோ, கல்லூரிகளின் கணிதம், இயற்பியல் வகுப்பறைகளிலிருந்தே வர வேண்டும். சேர்க்கை குறைகிறது, வேலைவாய்ப்பு இல்லை என்று அத்துறைகளைச் சுருக்குவது, வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை அழிப்பதாகும். கருந்துளையின் முதலை இயற்கையே காத்துக்கொள்கிறது. அறிவின் முதலை நாம்தான் காக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).