கும்பகருணன் எத்தகையவன்?
காப்பிய வீரரைப் பற்றி மாணவர் முடிவு காணும் முறை

விடிந்த பின்னரும் பாயை விட்டெழாத பிள்ளையை நம் வீடுகளிலே “கும்பகருணன்” என்றே அழைப்பர். ஆகவே, கம்பராமாயணத்தை வகுப்பிலே திறக்குமுன்னரே மாணவன் அவ்வீரனைப் பற்றிய முடிவொன்றுடன் வந்து அமர்கிறான். பரீட்சை நெருங்கியதும் இன்னொரு முடிவு அவன் கைக்குக் கிட்டுகிறது. “செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவன், நன்றி மறவாதவன்” எனக் குறிப்புப் புத்தகத்தில் அச்சிடப்பெற்ற முடிவு அது. முன்னையது வீடு கொடுத்தது. பின்னையது கடை கொடுத்தது. அவன் தானே காப்பியத்துட் புகுந்து கண்டது யாது என்று வினவினால் விடை கிடைத்தல் அரிது.

குறிப்புப் புத்தகம் பொய் கூறுகின்றது என்பது எம் கருத்தன்று. அது கூறுவது பெரும்பாலும் மெய்யே. ஆயினும், தவறு என்று தெரிந்தும் இவன் ஏன் போருக்குச் சென்றான் என்று கேட்க வாயெடுத்த பிள்ளை, அந்த அச்சிட்ட வரியைக் கண்டதும் கேள்வியை விழுங்கிவிடுகின்றதே! இழப்பு அங்கேதான் நேர்கின்றது.

காப்பியத் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். அதனால் இராமனைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர் புகழ்ந்தே எழுதி முடித்துவிடுவர். புகழும் பழியும் பின்னிக் கிடக்கும் கும்பகருணனிடத்திலேதான் ஆராய்ச்சியைத் தொடங்குதல் நன்று.

ஆசிரியருக்கு வேண்டிய கருவி “எங்கே?” என்னும் ஒரு சொல். “கும்பகருணன் நீதியுணர்ந்தவன்” என்று ஒரு மாணவி கூறினால், சரியென்றும் பிழையென்றும் உடனே தீர்ப்பளித்துவிடலாகாது. எங்கே கண்டாய், யாரிடம் சொன்னான், எந்நிலையிற் சொன்னான் என்று கேட்டல் வேண்டும். அவள் நூலைப் புரட்டுவாள். மந்திரப் படலத்திலே அவன் அண்ணனை இடித்துரைக்கும் இடம் அகப்படும். பிறன் மனைவியைச் சிறைவைத்துக்கொண்டு புகழையும் விரும்புவதா என்று அவன் எள்ளுகின்றான். மாணவிக்கு மகிழ்ச்சி, தன் முடிவு நிலைபெற்றது என எண்ணுவாள்.

அடுத்த பாடல்களையும் படிக்கச் சொல்லுங்கள். அதே அவையில், அதே வாயால், இப்பொழுது சீதையை விட்டுவிட்டால் உலகம் நம்மை எளியோர் என்னும், போரிட்டு மடிந்தாலும் பழியில்லை, பகைவர் திரளுமுன் சென்று தாக்குவோம் என்றும் அவன் கூறுகின்றான்! இவ்விடத்தைக் குறிப்புப் புத்தகங்கள் மெல்லக் கடந்துவிடும். நாம் கடக்கலாகாது. நீதியுணர்ந்தவன் என்ற முடிவு பொய்யாகிவிடவில்லை. குலப்பெருமை அந்த நீதியுணர்வின் கையைப் பிடித்து இழுக்கிறது என்று அது திருந்துகிறது.

துயிலெழுப்பப்பட்ட பின்னர் அவன் பேச்சு மீண்டும் மாறுகின்றது. போர் மூண்டுவிட்டதா, சீதையின் துயர் இன்னும் தீரவில்லையா என வருந்துகின்றான். அவளை விடுத்துப் பணிவதே உய்யும் வழி என்கின்றான். இராவணன் சீறியதும் பொறுத்தருள வேண்டிக்கொண்டு களத்துக்குப் புறப்படுகின்றான். புறப்படும்போதும், என்னை அவர்கள் வென்றால் உன்னையும் வெல்வர், அப்பொழுதேனும் அவளை விட்டுவிடு என்று சொல்லியே செல்கின்றான். முன்பு போரைத் தூண்டியவன் இவன்தானோ என்று மாணவர் வியக்கட்டும்.

இனி, கொழும்பு கொம்பனித்தெருவுக்கு ஒருமுறை சென்று வருவோம். அங்கே மலே வீதி உண்டு; ஜாவா லேன் உண்டு; ரைபிள் வீதியும் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலே ஜாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் பகுதி அது. ஆங்கிலேயர் காலத்தில் அவர்களிற் பலர் பணிபுரிந்த இலங்கை ரைபிள் படை 1873ஆம் ஆண்டிலே கலைக்கப்பட்டது. அவர்தம் மூதாதையர் நாடாகிய ஜாவாவும் கும்பகருணனை அறியும். சுரகார்த்தாவிலே 1853 முதல் 1881 வரை ஆட்சி செலுத்திய நான்காம் மங்குநகாரா, “திரிபாமா” என்னும் ஏழு பாடல்கள் கொண்ட சிறு நூலை இயற்றினார். போர்வீரர்க்கு முன்மாதிரியாக அதிலே அவர் காட்டும் மூவருள் ஒருவன் கும்பகருணன். ஆனால் அங்கே அவன் அண்ணனின் தீச்செயலுக்காகப் போர் புரிபவன் அல்லன். தன் நாட்டுக்காகவும் முன்னோர் மானத்துக்காகவும் பொருதவன். (ஹோமர் பாடிய எக்டரும் இத்தகையவனே. தம்பி பாரிஸின் செயலை வெறுத்தும் திரோய் நகருக்காக மடிந்தான். மேல்வகுப்பு மாணவர் இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.)

இதைக் கேட்ட மாணவன் ஒருவன் “கும்பகருணன் நாட்டுப்பற்றுடையவன்” என்று கம்பனுக்கும் சேர்த்து எழுதிவிடக்கூடும். அங்கேயும் “எங்கே?” என்று கேட்க வேண்டியதே. தன்னை அழைக்க வந்த வீடணனிடம் கும்பகருணன் நாட்டைக் காரணமாகக் காட்டவில்லை. நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் புனைந்து அனுப்பியவனுக்கு உயிர் கொடாமல் வரமாட்டேன் என்கின்றான். நாட்டுக்கன்று, ஓர் ஆளுக்குப்பட்ட கடன் அது. தம்பியை அவன் பழிக்கவுமில்லை. நீ இராமனிடம் இருப்பதே உனக்குத் தகும், எனக்கு இறப்பதே தகும் என்று இருவர்க்கும் இருவேறு நீதி வகுக்கின்றான். ஜாவாக் கவிஞர் கண்டது அவர் பாடிய வீரனை. நம் மாணவன் எழுத வேண்டியது கம்பன் பாடியவனைப் பற்றி.

பெற்றோரும் இதனை வீட்டில் செய்து பார்க்கலாம். கும்பகருணன் இறுதியாக இராமனிடம் கேட்ட வரங்கள் இரண்டு. வீடணனை இராவணனிடமிருந்து காத்தருள்க என்பது ஒன்று. சுக்கிரீவன் மூக்கையும் செவிகளையும் கடித்தெடுத்த தன் முகத்தை எவரும் காணாதபடி, தலையை அறுத்துக் கடலில் ஆழ்த்துக என்பது மற்றொன்று. இராமன் அவ்வாறே செய்தான். இவ்விரண்டையும் மட்டும் பிள்ளைக்குப் படித்துக் காட்டி, குறிப்புப் புத்தகத்தை மேசை இழுப்பறையிலே வைத்துப் பூட்டிவிட்டு, இவற்றைக் கேட்டவன் எத்தகையவன் என்று பத்து வரிகள் எழுதச் சொல்லுங்கள்.