பாட்டியின் பாட்டு ஸ்பீக்கரில் கேட்கவில்லையா? காசு செலவில்லாமல் சரி செய்யலாம்!



நடவுப் பாட்டும் தாலாட்டும் தெரிந்த பெரியவர்கள் நம்ம ஊர்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் பாடுவதைச் செல்போனில் பதிவு செய்து வைப்பது நல்ல காரியம். ஆனால் அதைப் பென் டிரைவில் ஏற்றி, ஆண்டு விழாவில் ஸ்பீக்கர் பெட்டியில் செருகினால் சில நேரம் சத்தமே வராது. "பதிவு கெட்டுப் போச்சு"ன்னு நினைத்து உடனே அழித்துவிடாதீங்க. பதிவு நன்றாகத்தான் இருக்கும். அந்த வகை பெட்டிக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

வகை என்றால் என்ன?

ஒலியைப் பல வகையாகச் சேமிக்கலாம். ஃபைல் பெயரின் கடைசியில், புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகள் வகையைச் சொல்லும். இப்போதைய செல்போன்களில் பெரும்பாலும் எம்4ஏ, பழைய போன்களில் ஏஎம்ஆர், வாட்ஸ்அப் குரல் செய்தி என்றால் ஓபஸ். பெரும்பாலான ஸ்பீக்கர் பெட்டிகளுக்குத் தெரிந்த வகை எம்பி3.

பெயரை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. உப்பு டப்பாவில் 'சர்க்கரை'ன்னு எழுதி ஒட்டினால் இனிக்குமா? உள்ளே இருப்பதையே மாற்ற வேண்டும். அதற்கு விஎல்சி என்ற இலவச மென்பொருள் போதும். 1996-ல் பிரான்ஸ் நாட்டு மாணவர்கள் தொடங்கிய வேலை இது. 2001 முதல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், விளம்பரமும் வராது. வீடியோலேன் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

செய்முறை (விண்டோஸ் கம்ப்யூட்டரில்)

1. செல்போனில் இருக்கும் பதிவைக் கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள்.
2. விஎல்சியைத் திறந்து, மேலே 'மீடியா', அதற்குள் 'கன்வர்ட் / சேவ்' என்பதை அழுத்துங்கள்.
3. 'ஆட்' அழுத்திப் பதிவைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள 'கன்வர்ட் / சேவ்' பொத்தானை அழுத்துங்கள்.
4. 'புரொஃபைல்' என்ற இடத்தில் 'ஆடியோ - எம்பி3' தேர்ந்தெடுங்கள்.
5. 'பிரவுஸ்' அழுத்திப் புதுப் பெயர் கொடுங்கள். பழைய பெயரையே கொடுத்தால் மூலப் பதிவு அழிந்துவிடும். புதுப் பெயரின் முடிவில் எம்பி3 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.
6. 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். முடிந்ததும் முழுசா ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

மூலப் பதிவை ஏன் வைக்கணும்?

நெல்லைக் குத்தி அரிசி ஆக்கலாம், அரிசியைத் திரும்ப நெல்லாக்க முடியுமா? எம்பி3 ஆக்கும்போது காதுக்கு அதிகம் தெரியாத சில ஒலிகள் கழிந்துவிடும். அதனால்தான் இடம் குறைவாகப் பிடிக்கிறது. சிடி தரத்தில் வேவ் வகையில் 10 நிமிடப் பாட்டு சுமார் 100 எம்பி வரும். அதே பாட்டு எம்பி3-ல், 128 கேபிபிஎஸ் அளவில், சுமார் 10 எம்பிதான். ஆனால் கழிந்தது திரும்ப வராது. மாற்றியதையே மறுபடி மறுபடி மாற்றினால் தரம் இன்னும் குறையும். ஆகவே எப்போதும் மூலத்திலிருந்தே மாற்றுங்கள். மூலத்தை இரண்டு இடங்களில் வையுங்கள்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனிப் பென் டிரைவில். செல்போன் தொலைந்தாலும் குரல் தொலையாது.

ஒரு எச்சரிக்கை

இணையத்தில் மாற்றித் தரும் தளங்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் நம்ம பதிவு முதலில் வெளியே வேறொரு கம்ப்யூட்டருக்குப் போகும். கடன் பாக்கி, வீட்டுக் கஷ்டம் எல்லாம் பேசிய கூட்டப் பதிவை அங்கே ஏற்றவே கூடாது. விஎல்சியில் நெட் இல்லாமலேயே மாற்றலாம், பேச்சு நம்ம கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது.

அடுத்த கூட்டத்தில் ஒரு பாட்டைப் பதிந்து, மாற்றிப் பாருங்கள். பாடியவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். பதிவோடு அவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். நாளை பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, அது யாருடைய குரல் என்று தெரிய வேண்டும் அல்லவா?