பழைய பாலிசியில் இருக்கிறது, நஞ்சான நிலத்தை மீட்கும் பணம்!

டி.டி.டி என்ற பெயரைக் கேள்விப்படாத விவசாயி இருக்க முடியாது. ஒரு காலத்தில் வயலிலும் வீட்டுச் சுவரிலும் தாராளமாக அடிக்கப்பட்ட பூச்சிக்கொல்லி அது. அமெரிக்காவில் அதைப் பெருமளவில் தயாரித்தது, மான்ட்ரோஸ் கெமிக்கல் நிறுவனம். கலிஃபோர்னியாவின் டோரன்ஸ் பகுதியில் இருந்த அதன் ஆலை, 1947 முதல் 1982 வரை இயங்கியது. 1972-ல் அமெரிக்கா டி.டி.டி பயன்பாட்டுக்குத் தடை போட்ட பிறகும், ஏற்றுமதிக்காக உற்பத்தி தொடர்ந்தது. ஆலை மூடப்பட்டாலும், அதன் கழிவு மண்ணிலும் நிலத்தடி நீரிலும் தங்கிவிட்டது. சாக்கடை வழியாகப் போனது, பசிபிக் கடலின் அடியில் படிந்து கிடக்கிறது.

இதைச் சுத்தம் செய்யக் கோடிக்கணக்கில் செலவாகும். யார் தருவது?

சட்டம் போட்ட கிடுக்கிப்பிடி

1980-ல் அமெரிக்காவில் ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம் வந்தது. மாசுபடுத்தியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்கிறது அது. சட்டம் வருவதற்கு முன்பு கொட்டிய கழிவுக்கும் இது பொருந்தும். கழிவைக் கொட்டாமல், பிறகு அந்த நிலத்தை வாங்கியவர்கூட இதில் சிக்கலாம். இந்த நெருக்கடியில்தான், நிறுவனங்கள் பழைய இரும்புப் பெட்டிகளைத் திறந்து இன்ஷூரன்ஸ் பாலிசிகளைத் தேட ஆரம்பித்தன.

காலாவதியான பாலிசிக்கு உயிர் உண்டா?

பயிர்க் காப்பீடு அந்தந்தப் பருவத்தோடு முடிந்துவிடும். ஆனால், அங்கே தொழில் நிறுவனங்கள் எடுத்திருந்த பொதுப் பொறுப்பு பாலிசிகள் வேறு வகை. சேதம் நடந்த ஆண்டில் பாலிசி நடப்பில் இருந்ததா என்பதுதான் அவற்றில் முக்கியம். இழப்பீடு கேட்பது எந்த ஆண்டு என்பது இரண்டாம்பட்சம். 1965-ல் கசிந்த கழிவு 1990-ல் தெரியவந்தாலும், 1965-ம் ஆண்டு பாலிசியைக் காட்டிப் பணம் கேட்கலாம்.

1970-களின் தொடக்கம் வரை, இந்தப் பாலிசிகளின் பொதுவான படிவத்தில் மாசுக்கு விலக்கு இல்லை. 1973-ம் ஆண்டுப் படிவத்தில், ‘திடீரென, தற்செயலாக’ நடந்த மாசுக்கு மட்டுமே பணம் என்ற நிபந்தனை இடம்பெற்றது. 1986-ல் அந்தக் கதவும் ஏறக்குறைய முழுமையாக அடைக்கப்பட்டது. அதனால்தான் பழைய தாளுக்கு மவுசு அதிகம்.

மான்ட்ரோஸ் வழக்கில், கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1995-ல் ஒரு தீர்ப்பு சொன்னது. சேதம் தொடர்ச்சியாக நடந்திருந்தால், அந்தக் காலம் முழுவதும் நடப்பில் இருந்த பாலிசிகள் எல்லாமே அதற்குப் பொறுப்பாகலாம் என்பதே அது. அதே நிறுவனத்தின் இன்னொரு காப்பீட்டு வழக்கில் தீர்ப்பு வந்தது 2020-ல். சேதம் ஒரு பக்கம், பணத்துக்கான போராட்டம் ஒரு பக்கம் என்று இத்தனை காலம் இழுத்திருக்கிறது.

பாலிசி தொலைந்துபோனால்?

இதைத் தேடித் தருவதற்கென்றே அங்கே தனித் தொழில் இருக்கிறது. ‘இன்ஷூரன்ஸ் தொல்லியல்’ என்று பெயர். பிரீமியம் கட்டிய காசோலை, கணக்குப் புத்தகம், ஏஜென்ட் வைத்திருக்கும் கோப்பு, வங்கிக் கடன் ஆவணம் ஆகியவற்றைத் தோண்டி, பாலிசி இருந்ததை நிரூபிக்கிறார்கள். ஆனாலும், தெரிந்தே நஞ்சைக் கொட்டியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். தகவலைத் தாமதமாகச் சொன்னாலும் சிக்கல்தான்.

நம் ஊரில் என்ன வழி?

போபால் விபத்துக்குப் பிறகு, 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலைகள் காப்பீடு எடுப்பது கட்டாயம். விபத்தால் பாதிக்கப்பட்டவர்கள், 5 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கேட்டு மனு கொடுக்கலாம். மாசால் கெட்டுப்போன நிலத்துக்கு இழப்பீடும் சீரமைப்பும் கேட்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். பிரச்னை தொடங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுகள் என்ற கெடு அங்கேயும் உண்டு.

ஆலைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் கிணற்றுநீர், மண் பரிசோதனை முடிவுகளைத் தேதியோடு பத்திரப்படுத்துவது அவசியம். தண்ணீரின் நிறம் மாறிய நாளைக் குறித்து வைப்பதும், மனுக்களுக்கு ஒப்புகைச்சீட்டு வாங்கி வைப்பதும் பின்னாளில் கைகொடுக்கும். நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று மட்டும் போதாது; அந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.