வீட்டுக் கூரைக்குப் பீலி: தெரிதலும் பொருத்தலும்

ஐப்பசி பிறந்ததும் கமக்காரர் வயல் வரம்பையும் வாய்க்காலையும் சென்று பார்வையிடுகின்றனர். அதே மழை தமது வீட்டுக் கூரையிலிருந்து எங்கே விழுகின்றது, விழுந்தபின் எங்கே செல்கின்றது என்பதைக் கவனிப்போர் சிலரே. யாழ்ப்பாணத்தில் நவம்பர் மாதத்தில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்கின்றது. பீலி இல்லாத வீட்டில் இந்நீர் முழுவதும் சுவரின் அடியில் விழுந்து, மண்ணைக் கிளறிச் சுவரில் தெறித்து, அத்திவாரத்தை நனைக்கின்றது. சுவரோடு சாய்த்து அடுக்கிய விதைநெல் மூட்டைகள் அவ்வீரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூட்டைகளைச் சுவரோடு சாய்த்தலே தவறு. எனினும் இடவசதி குறைந்த வீடுகளில் அதுவே வழக்கமாக உள்ளது. விதைநெல்லின் ஈரம் நூற்றுக்கு 13 வீதத்திற்கு மேற்படின் அதன் முளைதிறன் விரைவிற் குன்றும்.

பீலியின் பயன் சுவரைக் காப்பதோடு முடிவதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. குடிநீருக்கும் தோட்ட இறைப்புக்கும் சுண்ணக்கற் பாறையிலுள்ள அதே நிலத்தடி நீரையே மக்கள் பெரிதும் நம்பியிருக்கின்றனர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியாவின் ஒரு பகுதி இப்பாறையினூடு கசிந்து கிணற்றை அடைகின்றது. நெருக்கமாகத் தோட்டஞ் செய்யப்படும் இடங்களிலுள்ள பல கிணறுகளில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்து நைத்திரேற்று காணப்பட்டுள்ளது. புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளுக்கு இது பெரிதும் தீங்கானது. கொதிக்கவைத்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரைப் பரிசோதிப்பித்து இக்குறையைக் கண்ட குடும்பத்தினருக்குக் கூரையில் விழும் மழைநீர் நல்லதொரு மாற்று ஆகும். அந்நீரைத் தாங்கிக்குக் கொண்டுசெல்வது பீலியே.

ஆயினும் பிழையாகப் பொருத்திய பீலி, பீலி இல்லாமையினும் கேடானது. நீர் வடியாது தேங்கும் பீலியில் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாகிப் பறப்பதற்கு 7 முதல் 10 நாள்கள் வரை போதும். நிலத்தில் நிற்போர் கண்ணுக்குப் பீலியின் உட்புறம் தெரிவதில்லை. ஆகவே சிரட்டையையும் பழைய ரயரையும் அகற்றும் வீட்டார் பீலியை மறந்துவிடுகின்றனர். இலங்கையில் 2017 ஆம் ஆண்டில் 1,80,000 க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். நுளம்பு பெருக இடமளிப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

நீரின் அளவும் பீலியின் அளவும்

ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஓர் இலீற்றர் நீர் விழும். கணக்குக்கு இதுவே அடிப்படை. கூரையின் சரிவை அளத்தல் வேண்டியதில்லை. இறவாரம் உட்படக் கூரை நிலத்தில் மறைக்கும் பரப்பையே அளத்தல் வேண்டும். 30 அடி நீளமும் 24 அடி அகலமும் கொண்ட கூரை ஏறத்தாழ 67 சதுர மீற்றர் ஆகும். அதில் ஓர் அங்குல மழை பெய்யின் ஏறத்தாழ 1,700 இலீற்றர் விழும். தெறித்தும் கசிந்தும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் எனக் கொண்டாலும், 4 அங்குல மழையில் 5,000 இலீற்றர்த் தாங்கி நிரம்பிவிடும். ஐவர் உள்ள குடும்பம் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு 5 இலீற்றர் வீதம் எடுப்பின், அது 200 நாள்களுக்குப் போதும். தை மாதத்தில் நிரம்பிய தாங்கியைக் குளிப்புக்கும் துவைப்புக்கும் தொடாதிருந்தால், கோடையின் பெரும் பகுதியைக் கடந்துவிடலாம்.

பீலியின் பருமனை ஆண்டு மழையைக் கொண்டு தீர்மானித்தலாகாது. மிகக் கடுமையாகப் பொழியும் அரைமணி நேரத்தை மனத்திற்கொண்டே தெரிதல் வேண்டும். கூரையின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் பீலியின் குறுக்குவெட்டில் ஒரு சதுர சென்ரிமீற்றர் என்பது கைக்கணக்கு. மேற்கூறிய கூரையின் ஒரு பக்கம் ஏறத்தாழ 34 சதுர மீற்றர் ஆகும். 4 அங்குல வாயுடைய அரைவட்டப் பீலியின் குறுக்குவெட்டு 39 சதுர சென்ரிமீற்றர். அது மட்டுமட்டாகப் போதும். 5 அங்குலப் பீலியில் 60 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் உண்டு. விலையில் உள்ள சிறு வேறுபாட்டுக்காகச் சிறியதை வாங்குதல் சிக்கனமன்று. இறங்கு குழாய் 3 அங்குலத்துக்குக் குறைதல் ஆகாது.

முற்காலத்திற் பனையைப் பிளந்து உட்சோற்றை நீக்கிப் பீலி செய்தனர். அது தோட்டத்துக்கும் ஆடுமாடுகளுக்கும் நீர் கொணர இன்றும் உதவும். ஆனால் மரம் உக்கும் இயல்புடையதாதலாற் குடிநீருக்கு உகந்ததன்று. நாகம் பூசிய தகரப் பீலி உறுதியானது. கடற்காற்றுப் படும் ஊர்களில் அது விரைவிற் துருப்பிடிக்கும். அலுமினியப் பீலி துருப்பிடியாது. எனினும் ஈரச் சீமெந்துச் சாந்து அதில் ஒட்டியிருக்க விடலாகாது. பி.வி.சி. பீலி இலேசானது, துருப்பிடியாதது, பொருத்துதற்கு எளியது. ஆனால் அது வெயிலில் நீண்டு குளிரிற் சுருங்கும். 30 அடிப் பீலி, காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் அரை அங்குலத்துக்கு மேல் நீளக்கூடும். மூட்டுகளில் அதற்கு இடைவெளி விடாது இறுக்கி ஒட்டினால், ஒரே கோடையில் வளையும் அல்லது வெடிக்கும். குழாயை நெடுக்காக அரிந்து பீலியாக்குவது மலிவான வழி. அரிந்த குழாயின் ஓரங்கள் உள்நோக்கிச் சுருளும் ஆதலால் கொழுக்கிகளை நெருக்கமாக இடுதல் வேண்டும்.

நகரங்களில் விற்கப்படும் பெட்டி வடிவப் பீலி பார்வைக்கு அழகானது. ஆயினும் அதன் தட்டையான அடியில் சிறு நீரும் சருகும் பரந்து கிடக்கும். அரைவட்டப் பீலியிலோ சிறு நீரும் அடியில் ஒன்றுசேர்ந்து ஓடுவதால் குப்பையையும் இழுத்துச் செல்லும். கமக்காரர் வீட்டுக்கு அரைவட்டமே சிறந்தது.

வாட்டம்

எப்பொருளாலான பீலியாயினும் அது பயன்படுவதும் படாததும் வாட்டத்தைப் பொறுத்ததே. பீலி இறவாரத்துக்கு நேராக இருத்தலே அழகு எனக் கருதி, வீட்டுக்காரரே தச்சரை வற்புறுத்தி மட்டமாகப் பூட்டுவிப்பதும் உண்டு. அத்தகைய பீலியில் மழை விட்டு மூன்று நாள்களின் பின்னும் நீர் நிற்கும்.

8 அடிக்கு ஓர் அங்குலம் தாழ்தல் போதிய வாட்டமாகும். 30 அடிப் பீலியை ஒரே பக்கமாகச் சாய்த்தால், தாழ்ந்த முனை கூரையை விட்டு ஏறத்தாழ 4 அங்குலம் கீழிறங்கும்; காற்றோடு பெய்யும் மழையில் நீர் பீலியைத் தாண்டி விழும். ஆதலின் நீண்ட பீலிக்கு நடுவில் வெளிவாய் வைத்து, இரு புறமிருந்தும் 15 அடிக்கு 2 அங்குலம் வீதம் சாய்த்தல் நன்று. ஒவ்வொரு பாதியும் பாதி நீரையே சுமக்கும் என்பதும் இதனால் வரும் நன்மை.

வாட்டத்தைக் கண்ணால் மதிப்பிடலாகாது. பழைய வீடுகளின் இறவாரப் பலகை பெரும்பாலும் மட்டமாக இருப்பதில்லை. ஊடுதெரியும் நீண்ட குழாயொன்றில் குமிழி இல்லாது நீரை நிரப்பி, அதன் ஒரு முனையைப் பீலியின் உயர்ந்த முனை வரும் இடத்திலும் மற்றதை வெளிவாய் வரும் இடத்திலும் பிடித்தால், இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அம்மட்டத்தை இரண்டிடத்திலும் குறித்து, வெளிவாய்ப் பக்கத்திற் கணக்கிட்ட அளவு கீழே இன்னொரு குறியிடுதல் வேண்டும். உயர்ந்த முனையின் குறியிலும் இக்கீழ்க்குறியிலும் முதலிரு கொழுக்கிகளைப் பூட்டி, இடையே நூலை இழுத்துக் கட்டி, ஏனைய கொழுக்கிகளை நூலைத் தொடும்படி 2 அடிக்கு ஒன்றாகப் பூட்டலாம். நிறைந்த பீலியில் ஒவ்வோர் அடிக்கும் ஒன்றரை இலீற்றருக்கு மேற்பட்ட நீர் நிற்கும் ஆதலால், கொழுக்கிகளை 3 அடிக்கு மேல் விலக்கினால் பீலி இடையிற் தொய்யும். தொய்ந்த இடமே நுளம்பின் இடம். அஸ்பெஸ்ரஸ் தகட்டைத் துளைத்தோ அரிந்தோ கொழுக்கி பூட்டுதல் கூடாது. அதன் தூசு சுவாசப்பைக்குப் பெருந்தீங்கு. பலகையிலோ கைமரத்திலோ பூட்டுக.

கூரையின் விளிம்பு பீலியின் வாயில் மூன்றிலொரு பங்கு வரை நீண்டிருத்தல் வேண்டும். குறைவாயின் நீர் ஓட்டின் அடிப்பக்கத்தைப் பற்றி ஊர்ந்து சுவருக்கே திரும்பும். மிகிந்தலைக் குகைகளின் நெற்றியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நீர்வடி விளிம்பு வெட்டியோர் தடுத்ததும் இவ்வூர்வையே. பீலியின் முன்விளிம்பு பின்விளிம்பிலும் அரை அங்குலம் தாழ்ந்திருப்பின், பெருமழையில் மிகை நீர் சுவர்ப்பக்கம் வழியாது வெளியே வழியும்.

வேலை முடிந்ததும், கூலியைக் கொடுக்குமுன், ஒரு வாளி நீரை உயர்ந்த முனையில் ஊற்றுவித்துப் பார்த்தல் வேண்டும். ஏணியில் ஏறிப் பார்க்கும்போது எங்கேனும் நீர் தேங்கி நின்றால் அவ்விடத்துக் கொழுக்கியை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்க.

தாங்கிக்குச் செல்லும் நீர்

1995 ஆம் ஆண்டளவிற் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் வீடுகளுக்கு 5,000 இலீற்றர்த் தாங்கிகள் அமைக்கப்பட்டன. பின்னர் உலர் வலயத்திலும் இவை பரவின. தாங்கிக்கு மூடியும், நீர் புகும் வாயிற்கு நுளம்பு நுழையாத வலையும், ஒளி புகாமையும் வேண்டும்.

கூரையில் தூசும் பறவை எச்சமும் படிந்திருக்கும் ஆதலால் ஒவ்வொரு மழையின் முதல் நீரையும் விலக்குதல் வேண்டும். 4 அங்குலக் குழாயில் 8 அடித் துண்டொன்றை, தாங்கிக்குப் பிரியும் இடத்துக்கு முன் இறங்கு குழாயிற் கிளையாக நிறுத்திவைத்தால் அது ஏறத்தாழ 19 இலீற்றர் கொள்ளும். ஒரு பக்கக் கூரையைக் கழுவி வரும் அரை மில்லிமீற்றர் மழைக்கு அது போதும். அது நிறைந்தபின் வரும் நீரே தாங்கிக்குச் செல்லும். அதன் அடிமூடியில் ஒரு சிறு துளையிட்டால், அடுத்த மழைக்குள் தானாக வடிந்துவிடும். இவ்வாறு சேர்த்த நீரையும் கொதிக்கவைத்தே அருந்துதல் வேண்டும். கிடுகுக் கூரையின் நீரைக் குடிநீருக்குச் சேர்க்கற்க.

பணம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே போதுமாயின், மாமரமோ வேம்போ கவியாத பக்கத்தைத் தெரிக. புரட்டாதி முடியுமுன் பீலியை ஒருமுறை கூட்டிக் கழுவுதலும், மாரியில் இரு கிழமைக்கு ஒருமுறை சருகு நீக்குதலும் வேண்டும். மரநிழல் உள்ள வீட்டில் கிழமைதோறும் பார்க்க நேரும். தாங்கி நிரம்பியபின் வழியும் நீரைச் சுவரடியில் விடாது, 10 அடிக்கு அப்பால் வாழைப் பாத்திக்கோ தென்னையின் அடிக்கோ சிறு வாய்க்கால் வெட்டி அனுப்புக.