3,500 டாலர் கார் 3 லட்சம் டாலருக்குப் போனது எப்படி? பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடி அலைவது ஏன்?

2020 ஜனவரியில் அமெரிக்காவில் ஓர் ஆன்லைன் ஏலம் நடந்தது. ஏலத்துக்கு வந்தது ஃபெராரியோ போர்ஷேவோ இல்லை. 1971-ல் தயாரான ஒரு டாட்சன் 240இசட். புதிதாக விற்பனைக்கு வந்தபோது இதன் விலை சுமார் 3,500 டாலர். ஏலத்தில் போன விலை 3,10,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2.2 கோடி ரூபாய்!

இதில் வேடிக்கை என்னவென்றால், இது அபூர்வமான கார்கூட இல்லை. இந்த வரிசைக் கார்கள் (240, 260, 280) உலகம் முழுக்க 5 லட்சத்துக்கும் மேல் விற்றவை. அப்புறம் ஏன் இவ்வளவு விலை? ஒரே வார்த்தையில் பதில் சொல்வதென்றால், துரு. விற்றதில் பெரும்பாலானவை துருப்பிடித்து காயலான் கடைக்குப் போய்விட்டன. தயாரானபோது இருந்த நிலையிலேயே மிஞ்சியவை மிகக் குறைவு.

ஜப்பான் கார் என்றாலே மைலேஜ், குறைந்த பராமரிப்பு என்றுதான் பலருக்கும் தோன்றும். அந்தப் பெயர் வருவதற்கு முன்பே ஜப்பான் நிறுவனங்கள் உலகத்துக்குத் தங்கள் திறமையைக் காட்டச் சில ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்தன. இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடுவது அவற்றைத்தான்.

எங்கே தொடங்கியது இந்தக் கதை?

1961-ல் ஜப்பானின் வணிகத்துறை அமைச்சகம் ஒரு திட்டம் போட்டது. கார் நிறுவனங்களைச் சில குழுக்களாகப் பிரிப்பது, புதிதாக யாரும் உள்ளே வராமல் தடுப்பது என்பதுதான் திட்டம். அப்போது ஹோண்டா வெறும் பைக் கம்பெனி. சட்டம் வந்தால் கார் தயாரிக்கும் கனவு அவ்வளவுதான். எனவே, கதவு மூடுவதற்குள் நுழைந்துவிட வேண்டும் என்று அவசரமாகக் கார் செய்யத் தொடங்கியது. 1963-ல் எஸ்500 என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அந்தச் சட்ட மசோதா கடைசிவரை நிறைவேறவே இல்லை என்பது தனிக்கதை.

பைக் கம்பெனி செய்த கார் என்பதால் உள்ளே பைக் வாசனை தூக்கலாகவே இருந்தது. அடுத்து வந்த எஸ்600-ல் என்ஜின் வெறும் 606 சிசி. ஆனால் நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர். 8,500 ஆர்பிஎம்-ல் 57 குதிரைத்திறன். பின்சக்கரங்களைச் சுற்ற வைத்தது பைக்கில் இருப்பது போன்ற செயின்!

1965-ல் டொயோட்டா தன் பங்குக்கு ஸ்போர்ட்ஸ் 800-ஐ இறக்கியது. 580 கிலோ எடை, இரண்டே சிலிண்டர், காற்றால் குளிரும் 790 சிசி என்ஜின். மொத்தம் தயாரானவை 3,131 கார்கள்.

அதன்பின் வந்த 1967-தான் திருப்புமுனை. ஒரே ஆண்டில் டொயோட்டா 2000ஜிடி, மாஸ்டா காஸ்மோ ஸ்போர்ட், டாட்சன் ஃபேர்லேடி 2000 மூன்றும் சந்தைக்கு வந்தன. 1969-ல் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஃபேர்லேடி இசட் இரண்டும் வந்தன. இந்த ஃபேர்லேடி இசட்தான் அமெரிக்காவில் 240இசட்.

எந்தக் கார் ஏன் முக்கியம்?

டொயோட்டா 2000ஜிடி: யமஹாவுடன் சேர்ந்து செய்த கார். 2 லிட்டர், ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன். உள்ளே இருக்கும் மர டேஷ்போர்டைச் செய்தது யமஹாவின் இசைக்கருவிப் பிரிவு. விற்பனைக்குத் தயாரானவை வெறும் 351. 1967-ல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படத்தில் நடிக்க இந்தக் காரின் கூரையையே எடுத்துவிட்டார்கள். நாயகன் ஷான் கானரியின் உயரத்துக்கு உள்ளே உட்கார இடம் போதவில்லை என்பதுதான் காரணம். அமெரிக்காவில் பந்தயத்தில் ஓடிய ஒரு 2000ஜிடி, 2022-ல் 25 லட்சத்து 35 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. சுமார் 19 கோடி ரூபாய்.

மாஸ்டா காஸ்மோ: பிஸ்டனே இல்லாத ரோட்டரி என்ஜின் கார். முக்கோண வடிவ ரோட்டர் சுற்றும்போது அதன் முனையில் உள்ள சீல், உள்சுவரைக் கீறிக்கொண்டே இருந்தது. மாஸ்டா பொறியாளர்கள் அதற்கு 'பேயின் நகக்கீறல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான குழு, கார்பனையும் அலுமினியத்தையும் கலந்து புது சீல் செய்து பிரச்சினையைத் தீர்த்தது. மொத்தம் 1,176 கார்கள்தான்.

ஸ்கைலைன் ஜிடி-ஆர்: ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் 'ஹாகோசுகா'. 'ஹாகோ' என்றால் ஜப்பானிய மொழியில் பெட்டி. பெட்டி மாதிரி இருக்கும் ஸ்கைலைன்! ரேஸ் கார் என்ஜினின் வழியில் வந்த எஸ்20 என்ஜின், சிலிண்டருக்கு நான்கு வால்வு, 160 குதிரைத்திறன். பந்தயங்களில் 50 வெற்றி. 1973-ல் வந்த அடுத்த தலைமுறை ஜிடி-ஆர், வெறும் 197 கார்களோடு நின்றுபோனது.

240இசட்: விலை குறைவு, வேகம் அதிகம், தினமும் ஓட்டலாம். அமெரிக்காவில் இதை வெற்றிபெற வைத்தவர் யுடாக்கா கட்டயாமா. ரசிகர்களுக்கு 'மிஸ்டர் கே'. 'ஃபேர்லேடி' என்ற பெயர் அமெரிக்காவில் எடுபடாது என்று சொல்லி 240இசட் என்ற பெயரிலேயே விற்றார். 2015-ல் 105 வயதில் காலமானார்.

ஜப்பானிலேயே ஏன் அதிகம் மிஞ்சவில்லை?

பழைய காரை வைத்திருப்பதை ஜப்பானின் விதிகள் ஊக்குவிப்பதில்லை. 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனை உண்டு. சொந்தக் கார் என்றால் முதலில் மூன்று ஆண்டுகள் கழித்து, பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. செலவும் கையைக் கடிக்கும். அதோடு, 13 வயது தாண்டிய பெட்ரோல் காருக்கு வாகன வரி சுமார் 15 சதவீதம் கூடும். ஜெர்மனியில் நிலைமை நேர் எதிர். அங்கே 30 வயது தாண்டி, நல்ல நிலையில் இருக்கும் காருக்குத் தனி நம்பர் பிளேட்டும் வரிச்சலுகையும் உண்டு.

இன்னொரு பக்கம், 25 வயது தாண்டிய கார்களை அமெரிக்காவில் அதிகக் கெடுபிடி இல்லாமல் இறக்குமதி செய்யலாம். டாலரோடு வருபவர்கள் ஜப்பானின் நல்ல கார்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஜப்பானிய ரசிகர்களுக்கு இது பெரிய மனக்குறை.

ரெஸ்டோர் செய்வது என்றால் என்ன?

பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்குவது ரெஸ்டோரேஷன் இல்லை. கடைசி போல்ட் வரை கழற்றி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, பெயர் எழுதிப் பையில் போட்டு வைப்பதில்தான் வேலையே தொடங்குகிறது. இதைச் செய்யாமல் கழற்றிப் போட்டுவிட்டு, எது எங்கே மாட்டுவது என்று தெரியாமல் பாதியில் விட்ட கார்கள் உலகம் முழுக்க ஷெட்டுகளில் கிடக்கின்றன.

அடுத்தது பாடி. அந்தக் காலத் தகடு மெல்லியது. துருத்தடுப்பு வேலையும் பேருக்குத்தான். குளிர்நாடுகளில் பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு மிச்சத்தை முடித்துவிடும். 240இசட்டில் துரு பிடிக்கும் இடங்கள் ரசிகர்களுக்கு மனப்பாடம். பேட்டரிக்குக் கீழ் உள்ள தட்டு, தரைத்தகடு, அதன் அடியில் ஓடும் நீளச் சட்டம், பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழ் உள்ள பாகம். அரித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை அதே வடிவத்தில் வளைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அளவு கொஞ்சம் பிசகினாலும் கதவு சரியாகச் சாத்தாது. நல்ல டிங்கரிங் கைக்குத்தான் இங்கே மதிப்பு.

என்ஜின் விஷயம் காருக்குக் கார் மாறும். 240இசட்டின் என்ஜின் உறுதியானது, பாகங்களும் கிடைக்கின்றன. ஹோண்டா எஸ் வரிசையில் கிராங்க்‌ஷாஃப்ட் பல துண்டுகளை அழுத்தி இணைத்தது, உள்ளே ஊசி பேரிங்குகள். அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். காஸ்மோவின் ரோட்டர் அறை கீறிப்போனால் சாதாரண என்ஜின் மாதிரி ரீபோர் செய்ய முடியாது. நல்ல அறை ஒன்றைத் தேடிப் பிடித்தே ஆக வேண்டும்.

செலவு கட்டுப்படியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. இதற்கு நிஸானே சாட்சி. 1990களின் இறுதியில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் பழைய 240இசட் கார்களை வாங்கி, ரெஸ்டோர் செய்து, சுமார் 25,000 டாலருக்கு விற்றது. 200 கார்கள் செய்வதாகத் திட்டம். 50-ஐக்கூடத் தொடாமல் திட்டம் நின்றது. தயாரித்த கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், தனிநபர் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

அதனால்தான் அனுபவசாலிகள் சொல்வது இதுதான்: லாபத்துக்காக இதில் இறங்காதீர்கள். அரைகுறைக் காரை மலிவாக வாங்கிச் சரிசெய்வதைவிட, கூடுதல் விலை கொடுத்து நல்ல காரை வாங்குவதே கடைசியில் மலிவு.

போலிகளும் உண்டா?

உண்டு, அதுவும் நிறைய. விலை ஏறிய இடத்தில் போலி வராமல் இருக்குமா? ஹாகோசுகாவில் ஜிடி-ஆர் தயாரானது சுமார் 2,000 மட்டுமே. ஆனால் வெளியே பார்க்க அதேபோல இருக்கும் சாதாரண ஸ்கைலைன் கார்கள் ஏராளம். அவற்றின் பின்சக்கர வளைவை வெட்டி, ஜிடி-ஆர் பேட்ஜ் ஒட்டிவிடுவார்கள். ஆசைக்காக மாற்றியதாக வெளிப்படையாகச் சொன்னால் யாருக்கும் பிரச்சினை இல்லை. அசல் என்று சொல்லி விற்றால்தான் மோசடி. இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. போலி ஒன்று உருவாகும்போதெல்லாம், நல்ல நிலையில் இருந்த ஓர் அசல் சாதாரண ஸ்கைலைன் அழிகிறது.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

• பாடிதான் முதலில். என்ஜினைச் சரிசெய்துவிடலாம், அரித்த பாடி பணத்தை விழுங்கும்.
• சின்னக் காந்தம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டவில்லை என்றால், உள்ளே பட்டி பார்த்து மறைத்திருக்கிறார்கள்.
• சேஸிஸ் எண்ணை ஆவணங்களோடு ஒப்பிடுங்கள். அசல் ஜிடி-ஆர் என்றால் எண்ணுக்கு முன் பிஜிசி10 அல்லது கேபிஜிசி10 என்ற குறியீடு இருக்கும்.
• 240இசட்டில் பானட்டுக்குள் உள்ள தகட்டில் என்ஜின் எண்ணும் இருக்கும். இரண்டும் பொருந்தினால் மதிப்பு கூடும்.
• உதிரிபாகங்களில் அபூர்வமானவை எவை என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சில நேரம் ஒரு விளக்குக் கண்ணாடிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

ரொம்ப காலம் எதுவும் செய்யவில்லை. புதுக் கார் விற்பதில்தான் அவர்களின் கவனம். சமீப ஆண்டுகளில்தான் மனம் மாறியிருக்கிறது. மாஸ்டா 2017-ல் முதல் தலைமுறை ரோட்ஸ்டர் கார்களைத் தானே ரெஸ்டோர் செய்யும் சேவையை ஜப்பானில் அறிவித்தது. அதே ஆண்டில் நிஸான், 1989-ல் வந்த ஆர்32 ஜிடி-ஆர் காருக்குப் பழைய பாகங்களை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. டொயோட்டா 2020-ல் 2000ஜிடி காரின் கியர்பாக்ஸ் பாகங்களை மறுபடியும் உற்பத்தி செய்தது. வாங்கி மறுவிற்பனை செய்துவிடக் கூடாது என்பதால், அந்தக் காரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் விற்பனை.

ஆனாலும் 60களின் சின்னக் கார்களுக்கு இந்த உதவி போதுமான அளவு வரவில்லை. அங்கே ரசிகர் சங்கங்களும் சிறிய பட்டறைகளும்தான் ரப்பர் பீடிங் முதல் பாடித் தகடு வரை தாங்களே செய்துகொள்கிறார்கள்.

ஏன் இப்போதே அவசரம்?

பாகங்களை அச்சு வைத்துத் திரும்பச் செய்துவிடலாம். கைப்பழக்கத்தை அப்படிச் செய்ய முடியாது. 1967-ல் தொழிற்சாலையில் காஸ்மோவை அசெம்பிள் செய்த 25 வயது இளைஞருக்கு இன்று 80 வயதைத் தாண்டியிருக்கும். நான்கு கார்புரேட்டர்களைச் சத்தத்தைக் கேட்டே ஒரே சீராக்கும் மெக்கானிக்கின் அனுபவம் எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. அதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் 2005 முதல் பழைய ஜப்பான் கார்களுக்கென்றே கண்காட்சி நடக்கிறது. ஜப்பானில் டொயோட்டாவின் மியூசியத்திலும் ஹிரோஷிமாவில் மாஸ்டா மியூசியத்திலும் இந்தக் கார்கள் பத்திரமாக நிற்கின்றன. மியூசியத்தில் நிற்கும் கார் அழியாது, உண்மைதான். ஆனால் அதை ஓடவைக்கத் தெரிந்த கைகள் வெளியே, சிறிய பட்டறைகளில் இருக்கின்றன. அவர்களிடம் வேலை கற்க அடுத்த தலைமுறை வருமா என்பதில்தான் இந்தக் கார்களின் ஆயுள் இருக்கிறது.