பூமியின் ஏற்ற இறக்கமும் எண்ணெய்ச் செல்வமும்

பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதென்று கேட்ட மாத்திரத்திலேயே தேசத்தின் தரித்திரம் ஒழிந்ததாக மனோராஜ்யம் செய்வோர் எங்கும் உண்டு. அவர்கள் நார்வேயின் வட கோடியிலுள்ள பாரண்ட்ஸ் கடலின் சரித்திரத்தை அவசியம் அறியவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

நார்வே சர்க்கார் 1980-ல் அக்கடலை எண்ணெய்த் தேட்டத்திற்குத் திறந்துவிட்டனர். தெற்கே வட கடலில் பெரும் எண்ணெய் வயல்கள் அகப்பட்டிருந்தபடியால், இங்கும் அவ்வாறே அகப்படுமென்று பலர் நம்பினர். அகப்பட்டதோ பெரும்பாலும் வாயு. 1984-ல் கண்ட ஸ்னோவிட் வயலிலும் வாயுவே மிகுதி. அதனடியில் எண்ணெய் மெல்லிய படலமாகவே நின்றது. ஆனால், இப்பிரதேசத்தில் துளையிட்டெடுத்த பாறைகளில், வாயு நிற்கும் மட்டத்திற்கு வெகு கீழேயும் எண்ணெய்க் கறை காணப்பட்டது. ஒரு காலத்தில் அங்கே எண்ணெய் நிறைந்திருந்ததென்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ?

அவ்வெண்ணெய் எங்கே போயிற்று? கடலடிச் சேற்றில் கலந்த உயிர்ப்பொருள், மேன்மேலும் மண் படிய ஆழத்தில் புதைந்து, சுமார் 60 முதல் 120 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் எண்ணெயாகிறது. உஷ்ணம் அதற்கு மேற்பட்டால் வாயுவாகிறது. அது கசிந்து மேலேறி, களிப்பாறை மூடியாக அமைந்த மணற்பாறையின் துவாரங்களில் தங்குகிறது. பாரண்ட்ஸ் கடலிலும் இவ்வாறே நடந்தது. பின்னர் பூமி உயர்ந்தது. சென்ற சுமார் 27 லக்ஷம் ஆண்டுகளில் பனிப்பாளங்கள் அதன் மேற்பாறையைச் சுரண்டிச் சென்றன. இடத்திற்குத் தக்கபடி 1 கிலோமீட்டர் முதல் 2 கிலோமீட்டருக்கு மேலும் பாறை அழிந்தது.

இதனால் விளைந்த நஷ்டங்கள் மூன்று. தாய்ப்பாறை குளிர்ந்தமையால் எண்ணெய் உற்பத்தி நின்றது. பாரம் குறைந்தமையால், எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிந்து விரிந்து, எண்ணெயையே கீழே தள்ளி வெளியேற்றிற்று. சாய்ந்தும் விரிசல் கண்டும் போன மூடிகளின் வழியே மற்றும் சிறிது கசிந்தது. ஆழத்திலிருந்தபோது மணலின் துவாரங்களை அடைத்த பளிங்குக்கல்லோ, மேலே வந்த பின்னும் கரையவில்லை. இன்றைய ஆழத்தை மட்டும் அளந்து கணக்கிடுவோர் ஏமாறுவது இதனாலேயே.

ஆயினும் நிராசைக்கு இடமில்லை. ஓரிடத்தில் கசிந்த எண்ணெய் வேறோரிடத்தில் மீண்டும் தங்குதல் கூடும். 2000-ல் கோலியாட்டும் 2011-ல் யோஹான் காஸ்ட்பெர்க்கும் அகப்பட்டன; முன்னது 2016-லும் பின்னது 2025-லும் எண்ணெய் தரத் தொடங்கின. ஸ்னோவிட்டின் வாயுவும் வீணாகவில்லை; 2007 முதல் ஹாமர்பெஸ்டுக்கு அருகில் திரவமாக்கப்பட்டுக் கப்பலேறி வருகிறது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது மற்றொன்றுண்டு. நார்வே சர்க்கார் 1972-லேயே தமக்கென ஓர் எண்ணெய்க் கம்பெனியையும், பெட்ரோலிய நிர்வாக இலாகா ஒன்றையும் ஸ்தாபித்தனர். கம்பெனிகள் தோண்டும் கிணறுகளின் விவரம் சர்க்காரிடம் வந்து சேரவேண்டுமென்றும் விதித்தனர். அந்நியக் கம்பெனி சொல்வதே கணக்கென்று அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. தன் நிலத்தடியில் உள்ளதென்ன, இல்லாததென்ன என்பதைத் தானே அறியாத தேசம், விலை பேசும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குச் சென்றவனுக்கொப்பாகும். மண்ணின்மீது உரிமை கோரும் நம் வாலிபர்கள் பூகர்ப்ப சாஸ்திரத்தையும் ஊன்றிக் கற்பார்களாக. உரிமைக்கு அறிவே காவல்.